என் இலைச் சாப்பாடும் தம்பியின் பெப்டைடும்

என் தம்பி பொய் சொன்னான். நான் வாழை இலை முன்னால் உட்கார்ந்து சாப்பிடுவதைத் தன் கைப்பேசியில் படம் பிடித்து, என் குடல் ஆறியதற்குத் தான் கொண்டுவந்து கொடுத்த பெப்டைட்தான் காரணம் என்று ஊரெல்லாம் பொய் சொன்னான். அவனைக் கேட்டால், தெரியாமல் சொன்னது பொய்யாகாது என்பான். தெரியாத ஒன்றைத் தெரிந்த முகத்தோடு சொல்வதற்கும் பொய் என்றுதான் பெயர்.

வீட்டில் எல்லோரும் விட்டுவிடச் சொல்கிறார்கள். கல்யாண வீடு, கூடப் பிறந்தவன், எதற்கு வம்பு என்கிறார்கள். எனக்கு மட்டும் ஆன காரியம் என்றால் விட்டிருப்பேன். ஆனால் உட்லண்ட்ஸில் என் நாத்தனார் மகள் இருக்கிறாள். எனக்கு வந்த அதே நோய் அவளுக்கும் வந்திருக்கிறது. தம்பியின் பேச்சை நம்பி, டாக்டர் கொடுத்த மாத்திரையை நிறுத்திவிட்டு அந்தப் பெப்டைட் ஊசிக்கு மாறப் பார்க்கிறாள். அவள் குடல் என்ன ஆகும் என்பதுதான் என் கவலை. அதனால்தான் எழுதுகிறேன். எழுதிப் பழக்கம் இல்லை. நான் சிங்கப்பூரில் பேருந்து ஓட்டுகிறவள். வளைந்து நெளிந்து சொல்ல வராது.

நோயை முதலில் சொல்லிவிடுகிறேன். பெருங்குடல் அழற்சி. பெருங்குடலின் உள்சுவர் சிவந்து வீங்கிப் புண்ணாகிவிடும். ரத்தமும் சளியுமாகப் போகும். வயிற்றைப் பிசைந்தால் அடுத்த நிமிடம் கழிப்பறையில் இருக்க வேண்டும். அலுவலகத்தில் உட்கார்ந்திருப்பவர்கள் எழுந்து ஓடிவிடலாம். இரட்டை மாடிப் பேருந்தை நடுரோட்டில் விட்டுவிட்டு எங்கே ஓடுவது?

சிராங்கூன் ரோட்டில் ஓட்டிக்கொண்டிருக்கும்போது வயிறு முறுக்கினால், என் மூளைக்குள் சாலைப்படம் மறைந்து கழிப்பறைப்படம் விரியும். எந்தக் காப்பிக்கடையில் பூட்டு கெட்டுப்போயிருக்கிறது, எந்தப் பேரங்காடியில் வரிசை நிற்கும், எந்த இடத்தில் திசுத்தாள் இருக்காது, எல்லாம் எனக்குத் தெரியும். ஒரு நாள் ஜாலான் புசார் பக்கம் நிறுத்தத்தில் வண்டியை நிறுத்தி, அபாய விளக்கைப் போட்டுவிட்டு, பக்கத்துச் சின்ன ஹோட்டலுக்குள் ஓடினேன். பேருந்து நிறைய ஆட்கள். திரும்பி வரும்போது திட்டு வாங்கத் தயாராகத்தான் வந்தேன். முன் இருக்கையில் இருந்த ஒரு சீனத் தாத்தா திசுத்தாள் பாக்கெட் ஒன்றை நீட்டி, அவசரமில்லை, இன்னொரு முறை போக வேண்டுமானாலும் போய்வா என்றார். பின்னால் ஒருவர் சிரித்தார். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே கதவைச் சாத்தி, கண்ணைத் துடைத்துக்கொண்டு வண்டியை எடுத்தேன்.

அதற்கு அப்புறம் நானே போய்க் கேட்டு, டிப்போவில் மேசை வேலைக்கு மாறிக்கொண்டேன். யார் வந்தார்கள், யார் வரவில்லை என்று பார்த்து வண்டியைப் பிரித்துக் கொடுக்கும் வேலை. சொகுசான வேலை. எனக்குப் பிடிக்கவே இல்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வண்டிகள் வரிசையாக வெளியே போகும். நான் இந்தப் பக்கம் உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருப்பேன்.

சிகிச்சை தொடங்கியது. மாத்திரை காலையிலும் மாலையிலும். அதோடு இன்னொன்று. இதை எங்கள் ஆட்கள் யாரும் வெளியே சொல்ல மாட்டார்கள், நான் சொல்கிறேன். இடது பக்கமாக ஒருக்களித்துப் படுத்து, பின்வாசல் வழியாக மருந்தை உள்ளே செலுத்தி, அது குடலில் பரவும்வரை ஆடாமல் அசையாமல் கிடக்க வேண்டும். புண் இருக்கும் இடத்துக்கே மருந்து போவதால் நன்றாக வேலை செய்யும் என்று டாக்டர் சொன்னார். வேலை செய்தது. ஆனால் உடனே இல்லை. மாதக்கணக்கில் ஆனது. நான் அப்படிக் கிடக்கும்போது என் கணவர் அறைக்கு வெளியே நாற்காலியைப் போட்டுக்கொண்டு, அன்றைக்குக் காற்பந்தில் யார் யார் கோல் போட்டார்கள் என்று சத்தமாகச் சொல்வார். எனக்குக் காற்பந்தில் ஒரு மண்ணும் தெரியாது. ஆனாலும் அந்தக் குரலுக்காகக் காத்திருப்பேன்.

இந்த நேரத்தில்தான் தம்பி ஒரு புதுச் சொல்லோடு வந்தான். பெப்டைட்.

தம்பியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். வீடு விற்றுக் கொடுக்கும் ஏஜென்ட். உடம்பை முறுக்கிக்கொண்டு ஜிம்முக்குப் போவான். நல்லவன். இளகிய மனது. யாருக்கு என்ன வலி என்றாலும் மறுநாள் ஏதாவது ஒன்றைத் தூக்கிக்கொண்டு வாசலில் நிற்பான். முன்னே காந்த வளையல் கொண்டுவந்தான், அப்புறம் அல்கலைன் தண்ணீர், அப்புறம் ஏதோ கடற்பாசி. கேட்டதைத் திருப்பிச் சொல்வதில் அவனை மிஞ்ச ஆளில்லை. ஆனால் எதிரில் இருப்பவர் என்ன சொல்கிறார் என்று கேட்கும் பழக்கம் மட்டும் சின்ன வயதில் இருந்தே அவனுக்குக் கிடையாது.

அவன் ஜிம் நண்பர்கள் யாரோ காஸ்வே பாலம் தாண்டி மலேசியாவில், ஜோகூரில் இருந்து வரவழைத்து விற்கிறார்களாம். புரதத்தின் சின்னத் துண்டாம். உடம்பே செய்துகொள்கிற சரக்குதானாம், அதனால் கெடுதலே இல்லையாம். குடலில் இருக்கும் நெருப்பை அணைத்து, புண்ணை உள்ளேயிருந்து தைத்துவிடுமாம். வயிற்றுத் தோலுக்கு அடியில் ஊசி போட்டுக்கொண்டால் போதுமாம். தொலைபேசியில் அவன் மூச்சுவிடாமல் சொன்னான். வேண்டாம் என்று நானும் மூச்சுவிடாமல் சொன்னேன். வைத்துவிட்டேன்.

அடுத்த வாரம் அவன் வீட்டுக்கு வந்தபோது நான் வழக்கமான இடத்தில் இருந்தேன், கழிப்பறையில். கதவைத் திறந்தவர் என் கணவர்.

என் கணவர் ஜாலான் புசாரில் ஒரு இரும்புச் சாமான் கடையில் வேலை செய்கிறார். சிவ பக்தர். நெற்றியில் திருநீறு இல்லாமல் குப்பை போடக்கூட வெளியே போகமாட்டார். தம்பி அன்றைக்கு ஜோகூரில் ஒரு கோயிலுக்குப் போய்விட்டு நேராக வந்திருந்தான். கையில் ஒரே ஒரு பிளாஸ்டிக் பை. உள்ளே எலுமிச்சம்பழம், கொஞ்சம் பூ, தேங்காய் மூடி, அதோடு ஒரு அட்டைப்பெட்டி. பையைக் கொடுத்து, அக்காவுக்கு நல்லாயிடும் என்று சொல்லிவிட்டு, கீழே காரைக் கண்ட இடத்தில் நிறுத்தியிருந்ததால் ஓடிவிட்டான். கணவருக்குச் சர்க்கரை. வீட்டில் இன்சுலின் ஊசி எப்போதும் இருக்கும் என்று தம்பிக்குத் தெரியும். அதனால் ஊசியைப் பற்றி எதுவும் சொல்லவில்லை.

பெட்டியைத் திறந்தால் சின்னச் சின்னக் கண்ணாடிப் புட்டிகள். ஒவ்வொன்றின் அடியிலும் துளி வெள்ளைப் பொடி. கூடவே தண்ணீர் மாதிரி ஒரு புட்டி. பூவும் எலுமிச்சையும் இருக்கிற பையில் வெள்ளைப் பொடி வந்தால் எங்கள் வீட்டில் அது என்னவாக இருக்கும்? கணவருக்குச் சந்தேகமே வரவில்லை. பெட்டியில் இருந்த ஆங்கிலத்தைப் படிக்க மூக்குக்கண்ணாடியைத் தேடவும் இல்லை. யாரோ சித்தர் சமாதித் திருநீறு, அபூர்வமானது, அதனால்தான் இப்படி சீல் வைத்துக் கொடுக்கிறார்கள் என்று முடிவு செய்துவிட்டார். கடையில் இருந்து கொண்டுவந்த குறடு வீட்டில் இருந்தது. அலுமினிய மூடிகளை ஒவ்வொன்றாக நெம்பினார். பொடியை எல்லாம் தட்டித் தட்டிச் சாமி மேடையில் இருக்கும் திருநீற்றுக் கிண்ணத்தில் கொட்டிக் கலந்தார். தண்ணீர்ப் புட்டி தீர்த்தம் என்று வீடு முழுக்கத் தெளித்தார்.

நான் வெளியே வந்தபோது அவருக்கு ஒரே ஒரு குறைதான்.

"உன் தம்பி போற கோயில்ல ரொம்பக் கஞ்சனுங்களா இருப்பானுங்க போல. ஒரு சிட்டிகை தேறல."

எனக்கும் பூசிவிட்டார். நானும் கண்ணை மூடிக் கும்பிட்டேன். அந்தப் பெட்டி பார்க்க அழகாக இருந்தது என்று, கற்பூரம் போட்டு வைக்க எடுத்துக்கொண்டார்.

இதெல்லாம் எனக்கு அப்போது தெரியாது. எனக்குத் தெரிந்தது மாத்திரையும், ஒருக்களித்துப் படுப்பதும், காற்பந்துச் செய்தியும்தான். நடுவில் சில நாள் மோசமாகி, டாக்டர் மருந்தின் அளவைக் கூட்டினார். அப்புறம் மெல்ல மெல்ல ரத்தம் குறைந்தது. ஒரு நாள் காலையில் சாதாரண மனுஷி மாதிரி போய்விட்டு வந்தேன். நம்ப முடியாமல் திரும்பிப் போய்ப் பார்த்தேன். வெளியே வந்து, தோசை ஊற்றிக்கொண்டிருந்த என் கணவரைப் பின்னாலிருந்து கட்டிப்பிடித்து விஷயத்தைச் சொன்னேன். அவர் கரண்டியை வைத்துவிட்டு என்னைக் கையெடுத்துக் கும்பிட்டார். அன்றைக்கு எங்கள் வீட்டில் தீபாவளி. எதற்காக என்று பிள்ளைகளுக்குச் சொன்னபோது முகத்தைச் சுளித்தார்கள். அவர்களுக்கு என்ன தெரியும்.

இன்னொரு தீபாவளியும் வந்தது. குழாய் விட்டுக் குடலைப் பார்த்துவிட்டு, புண் ஆறியிருக்கிறது, மருந்தை மட்டும் விட்டுவிடாதே என்றார் டாக்டர். நான் மறுபடியும் ஓட்டுவதற்கு விண்ணப்பித்தேன். பயிற்சியாளர் ஒருவர் பக்கத்தில் நிற்க, காலி வண்டியை ஒரு சுற்று ஓட்டிக் காட்ட வேண்டும். கண்ணாடியைச் சரிசெய்து, கதவைத் திறந்து மூடிப் பார்த்து, டயரைச் சுற்றி வந்து, ஏறி உட்கார்ந்ததும் கைக்கு எல்லாம் ஞாபகம் வந்துவிட்டது. தேக்கா பக்கம் திரும்பும்போது காலைக் கூட்டம், பூ வாசனை, சாலையைக் குறுக்கே கடக்கிற மாமிகள். எல்லோர் மீதும் எனக்கு அன்பாக வந்தது. பயிற்சியாளர் ஏன் சிரிக்கிறாய் என்றார். வயிறு வலிக்கவில்லை என்றேன். அவருக்குப் புரியவில்லை.

அந்தச் சமயத்தில்தான் மகளுக்கு நிச்சயதார்த்தம். காத்தோங்கில் ஒரு மண்டபத்தில் மதியச் சாப்பாடு. சொந்தக்காரர்களும் சம்பந்தி வீட்டாரும் காலையிலேயே எங்கள் வீட்டில் கூடி, சாமி கும்பிட்டு, நெற்றியில் பூசிக்கொண்டு, அங்கிருந்து கிளம்பினோம். தம்பியும்தான். மூன்று பட்டையாகப் பளிச்சென்று இட்டுக்கொண்டான்.

சாப்பாட்டைப் பற்றி நான் தனியாக ஒரு புத்தகமே எழுதலாம். நோய் வந்ததில் இருந்து கஞ்சியும் இட்லியும் மசித்த வாழைப்பழமும்தான். கொஞ்சம் கொஞ்சமாக எல்லாம் சாப்பிடலாம் என்று டாக்டர் சொல்லியும் பயந்து பயந்து தள்ளிப்போட்டிருந்தேன். அன்றைக்கு இலையைப் போட்டதும் பயம் போய்விட்டது. சாம்பார், கத்திரிக்காய்க் கூட்டு, உருளைக்கிழங்கு வறுவல், வத்தக்குழம்பு, ரசம், அப்பளம், வடை, பாயசம். ஒன்றையும் விடவில்லை. பரிமாறின பையன் ஒருத்தன் மூன்றாவது தடவையாக வத்தக்குழம்பு வாளியோடு என் பக்கம் வந்தபோது, சம்பந்தியம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"சம்பந்தி, மூச்சு விட்டுட்டுச் சாப்பிடுங்க. கொழம்பு எங்கயும் ஓடிடாது லா."

"ரெண்டு வருஷம் ஓடிப்போச்சுங்க. இன்னைக்குத்தான் கைக்குக் கெடச்சுது" என்றேன்.

வரிசையே சிரித்தது. என் கண்ணில் தண்ணீர். காரம் என்று சொல்லிவிட்டேன். எதிரே தம்பி கைப்பேசியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றான். குடும்பத்துக்குப் படம் எடுக்கிறான் என்று நினைத்து, நான் ஒரு வடையைத் தூக்கிக் காட்டிக் கடித்தேன்.

மறுநாள் அந்த வடை ஊர் சுற்ற ஆரம்பித்தது. எங்கள் சொந்தக்காரர்கள், பழைய அக்கம்பக்கத்தார், கோயில் தொண்டர்கள் எல்லோரும் இருக்கிற பெரிய வாட்ஸ்அப் குழு ஒன்று உண்டு. அதில் தம்பி போட்டிருந்தான். முதலில், மண்டபத்தில் நின்று பேசுகிற அவன் முகம். "இவங்க என் சொந்த அக்கா. ரத்தமா போய்க்கிட்டிருந்த வயிறு. எந்த மருந்தும் கேக்கல. நான் குடுத்த பெப்டைட் கேட்டுச்சு. இப்ப பாருங்க." அப்புறம் நான். வாய் நிறைய வடை.

பார்த்ததும் தம்பியை உடனே வரச் சொன்னேன். மாலையில் வந்தான், ஜிலேபி வாங்கிக்கொண்டு. பாராட்டத்தான் கூப்பிட்டேன் என்று நினைத்திருக்கிறான்.

எப்போது எனக்குப் பெப்டைட் கொடுத்தாய் என்று கேட்டேன். அத்தானிடம்தான் கொடுத்தேன், கோயிலில் இருந்து வந்த அன்று, பெட்டியோடு என்றான். நான் கணவரைப் பார்த்தேன். கணவர் சாமி மேடையைப் பார்த்தார். எழுந்து போய்க் கற்பூரப் பெட்டியை எடுத்து வந்து, மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, முதல் தடவையாகப் படித்தார்.

"ஆராய்ச்சிக்கு மட்டும்னு போட்டிருக்கு. மனுசனுக்கு இல்லயாம்." கண்ணாடியைக் கழற்றினார். "அப்ப இது திருநீறு இல்லையா?"

தம்பிக்கு விளங்கக் கொஞ்ச நேரம் ஆனது. எல்லாவற்றையும் பூசிவிட்டீர்களா என்றான். எல்லோரும் பூசினோம், நிச்சயத்துக்கு வந்த சம்பந்தி வீட்டார்கூடப் பூசினார்கள் என்றார் கணவர். நான் தம்பியின் கைப்பேசியைப் பிடுங்கி அவன் படத்தை நிறுத்திக் காட்டினேன். பேசுகிற முகத்தில் மூன்று பட்டை.

"ஒன் சரக்கு எங்க இருக்குன்னு நல்லா பாத்துக்க. நீயும்தான் பூசியிருக்க."

கணவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நான் கோபமாகத்தான் இருக்க நினைத்தேன், முடியவில்லை. தரையில் உட்கார்ந்துவிட்டேன். தம்பி மட்டும் சிரிக்கவில்லை. ஒரு ஊசிகூடப் போடவில்லையா என்று திரும்பத் திரும்பக் கேட்டான். நீ போட்டிருக்கிறாயா என்று நான் கேட்டேன். ஜிலேபிப் பையைப் பார்த்தான்.

"எனக்கு ஊசின்னா மயக்கம் வரும், ஒனக்குத்தான் தெரியுமே."

"தைப்பூசத்துக்குக் கன்னத்துல வேல் குத்திக்கிட்டு நடக்குறியே, அப்ப வராதா?"

"அது வேற அக்கா. அங்க சாமி இருக்கார்."

இதுவரைக்கும் சிரிப்புதான். அந்தப் படத்தைக் குழுவில் இருந்து எடுத்துவிட்டு, நடந்ததைச் சொல்லிவிடு என்றேன். அங்கேதான் முறுக்கிக்கொண்டான். வேண்டுமானால் சத்தமில்லாமல் எடுத்துவிடுகிறேன், ஆனால் மாற்றிச் சொன்னால் மானம் போய்விடும் என்றான். ஆராய்ச்சி இருக்கிறது, விஞ்ஞானிகள் சும்மா சொல்வார்களா என்றான். பொதுவாக உண்மை, என் விஷயத்தில் மட்டும் கொஞ்சம் தவறிவிட்டது என்றான்.

நான் அரைகுறையாகப் பேச விரும்பவில்லை. அடுத்த முறை மருத்துவமனைக்குப் போனபோது டாக்டரிடமே கேட்டேன். என் டாக்டர் ஒரு சீனப் பெண், என் மகளைவிடக் கொஞ்சம்தான் மூத்தவள். திருநீற்றுக் கதையைக் கேட்டு மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு சிரித்தாள். அப்புறம் நிதானமாகச் சொன்னாள். பெப்டைட் என்பது புளுகு இல்லை. இன்சுலினும் ஒரு பெப்டைட்தான். குடல் வீக்கத்தைத் தணிக்குமா, புண்ணை ஆற்றுமா என்று சிலவற்றை ஆராய்ந்துகொண்டிருக்கிறார்கள். எலியிலும், கண்ணாடித் தட்டில் வளர்க்கிற குடல் செல்களிலும் நல்ல அறிகுறிகள் தெரிந்திருக்கின்றன. மனிதர்களுக்குக் கொடுத்து, எவ்வளவு, எத்தனை நாள், என்ன கெடுதல் என்று ஒழுங்காகப் பார்த்தது மிகவும் குறைவு. அப்படிப் பார்த்து நல்லது என்று தெரிந்தால் நானே எழுதிக் கொடுப்பேன். ஆனால் காஸ்வே தாண்டி வருகிற புட்டிக்குள் அந்தப் பொருள்தான் இருக்கிறதா, வேறு என்ன கலந்திருக்கிறது என்று எனக்கும் தெரியாது, விற்கிறவருக்கும் தெரியாது. அதை நம்பி மருந்தை நிறுத்தினால் நோய் திரும்பி வரும், முன்னைவிட மோசமாகவும் வரலாம்.

இதில் புரியாதது ஒன்றும் இல்லை. எனக்கு ஆராய்ச்சி மேல் கோபமே கிடையாது. நல்ல மருந்தாக வரட்டும், நானே வரிசையில் நின்று வாங்கிக்கொள்கிறேன். பிரேக் சோதிக்காத வண்டியை யாராவது என்னிடம் கொடுத்து, நன்றாக ஓடும் என்று சொன்னால் நான் எடுக்க மாட்டேன். நல்ல வண்டியாகவே இருக்கலாம். ஆனால் பின்னால் ஆட்கள் உட்கார்ந்திருக்கிறார்கள்.

தம்பி சொல்லவில்லை என்றால் நான் சொல்கிறேன் என்று குழுவில் எழுதினேன். பெப்டைட் எதையும் நான் போட்டுக்கொள்ளவில்லை, டாக்டர் கொடுத்த மருந்தில்தான் சரியானேன், மாத்திரையும், பின்வாசல் வழியாகச் செலுத்துகிற மருந்தும் என்று எழுதினேன். என்ன நடந்தது தெரியுமா? குழுவை நடத்துகிறவர் என் செய்தியை நீக்கிவிட்டார். பெண்கள் எல்லாம் இருக்கிற குழு, நாகரிகமாக எழுதுங்கள் என்றார். நான் யார், ஆம்பளையா? திரும்ப எழுதினேன், கொஞ்சம் மறைத்து. கும்பிடுகிற கைப்படங்களாக வந்து விழுந்தன. அக்காவுக்குத் தன்னடக்கம் என்றார் ஒருவர். கல்யாணச் சீர் விஷயத்தில் அக்காவுக்கும் தம்பிக்கும் ஏதோ மனஸ்தாபம் போலிருக்கிறது என்றார் இன்னொருவர். குடல் என் குடல். என் பேச்சு எடுபடவில்லை. அவன் பேச்சுதான் எடுபட்டது, அவனிடம் படம் இருந்தது.

அப்போதுதான் நாத்தனார் மகள் தொலைபேசியில் கூப்பிட்டாள். எந்த இடத்தில் ஊசி போட்டுக்கொண்டீர்கள், தொப்புளுக்கு எந்தப் பக்கம் என்று கேட்டாள். வேலை முடிந்து சீருடையோடு உட்லண்ட்ஸுக்குப் போனேன்.

நல்ல பெண். கடைத்தொகுதி ஒன்றில் கணக்கு வேலை பார்க்கிறாள். வாய் எனக்கு மேல். கதவைத் திறந்ததும், அத்தை பஸ்ஸையும் மேலே கொண்டுவந்துவிட்டீர்களா என்றாள். எனக்காக மீன் குழம்பு வைத்திருந்தாள். அவள் மட்டும் தயிர்ச் சோறு சாப்பிட்டாள். குளிர்பதனப் பெட்டியைத் திறந்து காட்டினாள். முட்டைக்குப் பக்கத்தில், என் வீட்டுக்கு வந்த மாதிரியே ஒரு பெட்டி. இன்னும் தொடங்கவில்லை. மாத்திரை தீரப்போகிறது, அடுத்த வாரம் மருத்துவமனைக்குப் போய் வாங்க வேண்டிய நாள், அன்றைக்குப் போகாமல் இதைத் தொடங்கப் போகிறேன் என்றாள்.

நான் நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன். குறடு, கிண்ணம், தீர்த்தம், மூன்று பட்டை எல்லாம். அவள் சிரித்துச் சிரித்துத் தயிர்ச் சோறு புரையேறியது. முதுகைத் தட்டிவிட்டேன். மனம் மாறிவிட்டாள் என்று நினைத்தேன். தண்ணீர் குடித்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"அத்தை, நீங்க சொல்றது காமெடியா இருக்கு. ஆனா வேற யாருமே அப்படிச் சொல்லலயே. ஒங்க தம்பி அங்கிள் இன்னும் அந்தப் படத்த வச்சிருக்கார். பொய்யின்னா ஏன் வச்சிருக்கார்?"

அவனுக்கு மானம் பெரிது என்றேன்.

"நான் நாள் முழுக்க டாய்லெட் பக்கத்துலயே இருக்கணும். அந்த மாத்திர எப்ப கேக்கும்னு டாக்டருக்கே தெரியல. அங்கிள் ரெண்டு நிமிஷப் படத்துல தனக்குத் தெரியும்னு சொல்றார். யாரு பேச்ச கேக்கத் தோணும், சொல்லுங்க?" தயிர்ச் சோற்றைத் தள்ளி வைத்தாள். "அவரே குரூப்ல வந்து சொல்லட்டும். அன்னைக்கே இந்தப் பெட்டியத் தூக்கிப் போட்டுட்டு மருந்து வாங்கப் போறேன்."

நான் அவளைக் குறை சொல்லமாட்டேன். அந்த வலியில் நானும் யாரையாவது நம்பத்தான் பார்த்தேன். மருந்து கேட்க மாதக்கணக்கில் ஆகும் என்று சொல்கிறவரைவிட, நாளைக்கே வடை சாப்பிடலாம் என்று சொல்கிறவன் இனிக்கத்தான் செய்வான். அதனால்தான் அந்தப் படம் விஷம். என் மகிழ்ச்சி உண்மை, நான் சாப்பிட்டது உண்மை, கண்ணில் வந்த தண்ணீர் உண்மை. அதன் மேல் ஒட்டியிருக்கிற குரல் மட்டும்தான் பொய்.

தம்பி, இனி உனக்கே சொல்கிறேன். தனியாகப் பேசலாம் என்று நேற்றும் செய்தி அனுப்பியிருக்கிறாய். தனியாகப் பேச ஒன்றும் இல்லை. படத்தைச் சத்தமில்லாமல் எடுப்பதும் வேண்டாம். அது இதற்குள் எத்தனை கைப்பேசிக்குப் போயிருக்கும் என்று உனக்கும் தெரியாது. மகள் கல்யாணத்தில் நீ தாய்மாமன். உனக்குரிய மரியாதையில் ஒரு குறையும் வராது, மாலையோடு வாசலில் நிற்பேன். உன்னோடு எனக்குச் சண்டை இல்லை. எனக்குத் தேவை ஒரு பதில்.

உட்லண்ட்ஸ் பெண் மருந்து வாங்கப் போகிற நாளுக்கு முன்னால், அதே குழுவில், உன் முகத்தைக் காட்டிச் சொல். உன் அக்கா அந்த ஊசியைப் போட்டுக்கொண்டாளா? போட்டுக்கொண்டாயா என்று அக்காவிடம் ஒரு வார்த்தை கேட்டாயா? நீ போட்டுக்கொண்டாயா? எல்லோரும் பார்க்கச் சொல், தம்பி. உட்லண்ட்ஸில் அவள் காத்துக்கொண்டிருக்கிறாள்.